கம்பெனிக்குள்ளேதானே அனுப்பினோம்?

அனுப்பிய ரிப்போர்ட்டோடு அனுப்பக் கூடாத விவரமும் சேர்ந்து போவது, இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் சம்பந்தப்பட்டவர்களிடம் பேசியதோடு விட்டுவிட்டேன். இனி எழுதாமல் இருக்க முடியாது.

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் தென்பகுதியில் ஒரு கிடங்கு நிறுவனம். சம்பளம் 25-ஆம் தேதி. 22-ஆம் தேதி மாலை, எந்தப் பிரிவுக்கு எவ்வளவு ஓவர்டைம் என்று ஒரு சின்ன எக்செல் ஃபைல் எல்லா சூப்பர்வைசர்களுக்கும் மெயிலில் போயிருக்கிறது. திறந்தால் ஆறு வரி, கீழே ஒரு மொத்தம். அவ்வளவுதான். லோடிங் பிரிவு சூப்பர்வைசர், தன் பிரிவின் தொகை கூடுதலாக இருக்கிறதே என்று அந்த எண்ணின் மேல் இரண்டு முறை தட்டினார். புது ஷீட் ஒன்று திறந்தது. அவருடைய ஆட்கள் அத்தனை பேரின் பெயர், ஐடி எண், அடிப்படைச் சம்பளம், மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவச் செலவுத் திட்ட விவரம், கடைசியாக கார்னிஷீ ஆர்டர் பிடித்தம். கீழே இருந்த மொத்தத்தைத் தட்டியதும் முழுக் கிடங்கும் வந்து நின்றது. மறுநாள் காலை டீ நேரத்துக்குள் அது வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருந்தது.

இங்கே இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கடனைக் கட்ட முடியாமல் போனவரின் சம்பளத்திலிருந்து, கோர்ட் உத்தரவுப்படி முதலாளியே பிடித்துக் கட்டும் தொகைதான் கார்னிஷீ. ஒருவர் வீட்டில்கூடச் சொல்லாமல் வைத்திருக்கும் விஷயம் அது.

பே-ரோல் பார்த்து அந்த ஃபைலை அனுப்பிய அக்கா, டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்துக்காரர். ஆயாவிடம் கற்ற தமிழில் என்னோடு பேசுவார். "அந்த ஷீட்டை நான் அழிச்சிட்டுத்தானே அனுப்பினேன், தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான், அழித்திருந்தார். ஆனால் அந்த ஆறு வரி ஒரு பிவட் டேபிள், அதாவது பெரிய பட்டியலைச் சுருக்கி மொத்தம் காட்டும் எக்செல் அட்டவணை. அது தனக்கு வேண்டிய தரவின் நகல் ஒன்றைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். மூல ஷீட்டை அழித்தாலும் அந்த நகல் ஃபைலோடு போகும். பிவட்டைக் காப்பி செய்து வேறு ஃபைலில் ஒட்டினாலும் அதுவும் கூடவே போகும். எண்களை மட்டும், 'வேல்யூஸ்' என்று தேர்ந்து, புத்தம் புது ஃபைலில் ஒட்டினால்தான் வெறும் எண் போகும். இல்லாவிட்டால் பிடிஎஃப். ஷீட்டை மறைத்து வைப்பதும் பூட்டு ஆகாது. வலது கிளிக் செய்தால் திரும்பி வந்துவிடும். வட அயர்லாந்து போலீஸ் 2023 ஆகஸ்டில் தகவல் கேட்டு வந்த ஒரு மனுவுக்குப் பதிலளித்து வெளியிட்ட ஃபைலில் இப்படி மறைந்திருந்த ஒரு ஷீட்டால் 9,483 பேரின் விவரம் வெளியே போனது. அபராதம் 7,50,000 பவுண்டு. அக்காவை மட்டும் திட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எனக்குக் கோபம் அக்கா மேல் இல்லை. அன்று மதியம் நடந்த கூட்டத்தில் மேலாளர் ஒருவர் சொன்னார்: "வெளியே போகலையே. கம்பெனிக்குள்ளேதானே அனுப்பினோம்."

இந்த ஒரு வாக்கியத்தைப் பதினொரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரிப்போர்ட்டுகளை ஒரே இடத்தில் வைத்துக் காட்டும் ரிப்போர்ட் சர்வர் அமைக்க நான் போகும் ஒவ்வொரு அலுவலகத்திலும் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். கம்பெனி ஒரே வீடாம், உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றாம், கதவு வாசலில் மட்டும் இருந்தால் போதுமாம். யோசித்துப் பாருங்கள். அந்தப் பட்டியல் கேப் டவுனில் முகம் தெரியாத ஒருவர் கையில் கிடைத்தால், அதில் இருப்பவை அவருக்கு வெறும் பெயர்கள். யார் எவ்வளவு கடனில் இருக்கிறார் என்பது அவருக்கு எதற்கு? பக்கத்து மேசைக்காரருக்கு அது பெயர் அல்ல, ஆள். கூட டாக்ஸியில் வருகிறவர், ஒரே தெருவில் இருக்கிறவர், காவடிக்கு ஒன்றாக நிற்கிறவர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவரின் பிடித்தத் தொகை அந்தப் பட்டியலில் இருந்தது. நான் அங்கே வேலை செய்த அடுத்த ஒரு வாரமும் அவர் சாப்பாட்டு அறைக்கு வரவில்லை. லஞ்ச் டப்பாவை எடுத்துக்கொண்டு லாரிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அவரைப் பொறுத்தவரை 'உள்ளே' என்பதுதான் எல்லா இடத்தையும்விட மோசமான இடம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. போப்பியா என்று நாம் சொல்லும் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டது; 2021 ஜூலை 1 முதல் எல்லோரும் அதன்படி நடந்தாக வேண்டும். அதன் 22-ஆம் பிரிவு, அனுமதி இல்லாத 'எவரும்' தகவலைப் பார்த்திருக்கலாம் என்று நம்பக் காரணம் இருந்தால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. அந்த எவரும் வெளியாளாகத்தான் இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. இன்னொன்று, பலருக்கு இது தெரியாது: நம் நாட்டுச் சட்டம் தனிமனிதர்களோடு நிறுவனங்களின் தகவலையும் காக்கிறது. வாடிக்கையாளர் பாக்கி ரிப்போர்ட்டை சேல்ஸ் ஆட்கள் எல்லோருக்கும் அனுப்புகிறவர்கள் அதைக் கவனிக்கவும். அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை போகலாம். இதற்குச் சட்டப்படி பொறுப்பான தகவல் அதிகாரி இயல்பாகவே கம்பெனியின் தலைவர்தான். ஐடி பையன் அல்ல.

சரி, என்ன செய்வது?

ஃபைலை அனுப்பாதீர்கள், லிங்க்கை அனுப்புங்கள். ரிப்போர்ட் ஒரே இடத்தில் இருக்கட்டும். பார்க்க வேண்டியவர் அங்கே வந்து தன் லாகினில் பார்க்கட்டும். மெயிலில் போன ஃபைல் நாற்பது பேரிடம் நாற்பது நகல். எது எங்கே போனது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. லிங்க் என்றால் தவறு தெரிந்த நிமிஷமே மூடிவிடலாம், யார் திறந்தார்கள் என்று பதிவும் இருக்கும். ஃபைல்களைப் பகிர உதவும் ஷேர்பாயின்ட்டில் லிங்க் எடுக்கும்போது 'எல்லோருக்கும்' என்று தானாக நிற்கிறதா என்று ஒரு கணம் பாருங்கள். ரிப்போர்ட் தயாரிக்கும் பவர் பிஐ மென்பொருளில் 'பப்ளிஷ் டு வெப்' பட்டனைத் தொடவே வேண்டாம். அது ரிப்போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைக்கும்.

உரிமையை ஆளுக்குக் கொடுக்காமல் பொறுப்புக்குக் கொடுங்கள். 'கடன் வசூல் குழு' என்று ஒரு குரூப், அதில் ஆட்கள் வருவார்கள் போவார்கள். பெயர் பெயராகச் சேர்த்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு நிறுவனத்தில், இரண்டு வருஷத்துக்கு முன் டிஸ்பாட்சுக்கு மாறிப் போனவருக்கு இன்னமும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாக்கிப் பட்டியல் போய்க்கொண்டிருந்தது. யார் யாருக்கு ரிப்போர்ட் தானாகப் போகிறது என்ற பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து வாசியுங்கள். அரை மணி நேர வேலை.

தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பவர் பிஐ-யில் ஆளுக்கேற்ப வரிகளைக் கட்டுப்படுத்திவிட்டு, அதே ஆளை வொர்க்ஸ்பேஸில் (ரிப்போர்ட்டுகள் உருவாகும் இடம்) கான்ட்ரிபியூட்டராகவோ மெம்பராகவோ சேர்த்துவிடுகிறீர்கள். அந்தக் கட்டுப்பாடு, பார்க்க மட்டும் உரிமை உள்ள வியூவருக்கு மட்டும்தான். மற்றவருக்கு எல்லா வரியும் தெரியும். உங்கள் லாகினில் சோதித்துவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள்.

சேமித்து வைப்பதிலும் அலட்சியம் அதிகம். மாத முடிவு ரிப்போர்ட்டை அன்றைய நிலையில் உறைய வைத்து, எந்தத் தேதி எத்தனை மணித் தரவு என்று மேலேயே போடுங்கள். பில் தொகையைக் குறைத்துப் பிறகு வந்த ஒரு கிரெடிட் நோட்டால், ஒரே மார்ச் மாதத்துக்கு இரண்டு மேலாளர்கள் இரண்டு எண்ணோடு போர்டு மீட்டிங்கில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கம்பெனிச் சட்டம் கணக்குப் பதிவுகளை 7 வருஷம் வைக்கச் சொல்கிறது. போப்பியாவோ தேவை முடிந்த தனிப்பட்ட தகவலை வைத்திருக்காதே என்கிறது. எதை எவ்வளவு காலம் என்று எழுதி வைத்துவிடுங்கள், இரண்டும் ஒத்துப்போகும். நகல் வேறு கட்டடத்தில் இருக்கட்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தரைத்தளச் சர்வரோடு ஆறு வருஷ ரிப்போர்ட்டும் தண்ணீருக்குள் போன ஒரு அலுவலகத்தில் சேறு வழித்த கைகளில் என்னுடையதும் உண்டு.

அக்கா இப்போது எந்த ரிப்போர்ட்டையும் நேராக அனுப்புவதில்லை. ஒரு சூப்பர்வைசருக்கு இருக்கும் அதே உரிமையோடு ஒரு சோதனை லாகின் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். அதில் திறந்து, ஒவ்வொரு எண்ணின் மேலும் இரண்டு முறை தட்டிப் பார்க்கிறார். நீங்களும் போன மாதம் அனுப்பிய ஃபைலை எடுத்து, மொத்தத்தின் மேல் ஒருமுறை தட்டிப் பாருங்கள். புது ஷீட் திறந்தால் இந்த 25-ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டாம், தயவுசெய்து.