அம்மா ஏன் இப்போதெல்லாம் வெளியே போவதில்லை?

முதியோர் மருத்துவப் பிரிவுக்கு வந்து "எனக்குத் தனிமையாக இருக்கிறது" என்று சொல்பவர்கள் அபூர்வம். தலைசுற்றல், தூக்கமில்லை, உடம்பெல்லாம் வலி என்றுதான் வருவார்கள். கையில் தடியான ஃபைல். ரிப்போர்ட்டெல்லாம் ஓரளவு சரியாகவே இருக்கும்.

"நேற்று என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். கணவரை இழந்து தனியாக இருக்கும் ஓர் அம்மா சொன்னார்: "ஒருத்திக்கு என்னத்தப் பொங்குறது டாக்டர்? காலையில வடிச்ச சோறு, ராத்திரிக்கு மோர் ஊத்திக்குவேன்." பருப்பில்லை, முட்டையில்லை, காயில்லை. இப்படியே போனால் தசை கரையும், கால் தளரும், ஒருநாள் பாத்ரூமில் விழுவார். "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்க ஆளில்லாத வீட்டில் பிரஷர் மாத்திரையும் அடிக்கடி தவறும்.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், மனிதத் தொடர்பு குறைந்தவர்களுக்கு இதய நோய் ஆபத்து 29 சதவீதமும் பக்கவாத ஆபத்து 32 சதவீதமும் கூடுதலாக இருந்தன. மறதிநோய்க்கு நாம் மாற்றக்கூடிய காரணிகள் என்று 2024-இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் பட்டியலிட்ட 14-இல் தனிமைப்படுதலும் ஒன்று. அதே பட்டியலில் காது கேளாமையும் இருக்கிறது. இரண்டும் தனித்தனி என்று எனக்குத் தோன்றவில்லை.

காது மந்தமானவர் கல்யாண வீட்டில் நாலு தடவை "என்ன?" என்று கேட்பார். எதிரில் இருப்பவர் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்பார். அப்புறம் அவர் கல்யாணத்துக்கே போகமாட்டார். சிறுநீரை அடக்க முடியாத பாட்டி பஸ் ஏறவே பயப்படுவார். மகளிடம்கூடக் காரணம் சொல்லமாட்டார். வீட்டில் உள்ளவர்களோ "வயசாயிடுச்சு, எதிலும் இஷ்டமில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். காதில் அடைத்த குறும்பியை எடுத்ததுமே கலகலப்பாகப் பேச ஆரம்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் அவ்வளவு சுலபமில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் காது, கண், மூட்டு, சிறுநீர் நான்கையும் பார்க்காமல் "நாலு பேரோட பழகுங்க" என்று புத்தி சொல்வதில் பயனில்லை.

மகன் வீட்டில் இருப்பதாலேயே தனிமை இல்லை என்றும் நினைக்கவேண்டாம். ஆளுக்கொரு போனோடு எல்லாரும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஒரு தாத்தா நாள் முழுக்கப் பேசாமலே இருக்கலாம். தனியாக வசித்தும் வாக்கிங், பஜனை, டீக்கடை என்று தெம்பாக இருப்பவர்களும் உண்டு.

நன்றாகப் பழகிக்கொண்டிருந்தவர் சில வாரங்களில் ஒதுங்கிப்போனால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்; மனச்சோர்வோ மறதிநோயின் தொடக்கமோ இருக்கலாம். பேச ஆளில்லாத பெரியவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணமில்லை. அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.