சைட் ஆடினால் பிள்ளையைத் திருத்தாதீர்கள்

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ரைஃபிள் பழுதுபார்ப்பவன் என்ற முறையில், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகும் பிள்ளைகளின் பெற்றோரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ரைஃபிளோடு வந்த பின்பக்க சைட்டை, அதாவது கண்ணருகே இருக்கும் குறிபார்க்கும் கருவியைக் கழற்றிவிட்டு, ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைத்த வேறொன்றை மாட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் ஸ்கோர் இறங்குகிறது. பிள்ளை மூச்சு விடும் நேரத்தை மாற்றிப் பார்க்கிறது, நிற்கும் விதத்தை மாற்றுகிறது, பதற்றத்தில் ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கிறது. பாடுபட்டுப் படியவைத்த பழக்கமெல்லாம் கெடுகிறது. கோளாறோ சைட்டின் அடியில் இருக்கிறது.

முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 80 செ.மீ. என்று வையுங்கள். பின் சைட் 0.1 மி.மீ. நகர்ந்தாலே பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) டார்கெட்டில் 1.25 மி.மீ. தள்ளிப் படும். ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி 2.5 மி.மீ. தான், நடுப்புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. தசமத்தில் எண்ணும் 60 ஷாட் போட்டியில் ஒவ்வொரு ஷாட்டிலும் அரைப் புள்ளி வரை போகலாம் என்றால், அந்தப் பிள்ளை எப்படி மேலே வரும்?

சைட் பெட்டியில் '11 மி.மீ. டவ்டெயில்' (பக்கங்கள் சரிந்த ரெயில்) என்று போட்டிருந்தால் எல்லா ரைஃபிளுக்கும் பொருந்தும் என்று நம்பிவிடுகிறோம். உண்மையில் ரைஃபிள் மேல் சைட் மாட்டும் ரெயிலின் அகலமும் பக்கச் சரிவும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். 9.5 மி.மீ. ரெயில்களும் உண்டு. சரிவு ஒத்துப்போகாவிட்டால் சைட்டை ரெயிலில் பிடிக்கும் கிளாம்ப் ஓரத்தில் மட்டுமே கடிக்கும். கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும், சுடச்சுட நகரும். பிக்காட்டினி மவுண்ட் (ரெயிலைப் பிடிக்கும் அடிப்பாகம்) வேறு வகை, சுமார் 21 மி.மீ. அகல ரெயிலுக்கானது. அது இதில் உட்காரவே உட்காராது.

பொருந்தவில்லை என்றதும் ஆலன் கீயில் பலம் கொண்ட மட்டும் முறுக்குகிறார்கள். அலுமினிய ரெயிலில் பள்ளம் விழும், ஸ்குரூவின் மரை போகும். தகரத் துண்டை அடியில் சொருகுவதும் வழக்கம். அதுவும் அழுந்தி இளகிவிடும். என்னை மிகவும் வருத்துவது ரெயிலையே அரத்தால் ராவுவது. ராவிய ரெயிலில் பிறகு பழைய சைட்டும் நிற்காது. ராவியே ஆக வேண்டும் என்றால் வாங்கிய சாமானை ராவட்டும், அதையும் விவரம் தெரிந்தவர் செய்யட்டும். ரைஃபிள் மேல் அரம் படவே கூடாது.

ஸ்பிரிங் விசையில் சுடும் ரைஃபிளில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. அந்த ரைஃபிள் பின்னாலும் முன்னாலும் உதறும், மவுண்ட் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். ரெயிலில் துளை இருந்தால், அதில் இறங்கும் தடுப்பு ஊசி உள்ள ஒற்றைத் துண்டு மவுண்ட்டாக வாங்குங்கள்.

சோதிப்பது எளிது. முதலில் பெல்லட் உள்ளே இல்லை என்று பார்த்து, சேஃப்டி ஃப்ளாக் (குழல் காலி என்று காட்டும் அடையாளம்) போடுங்கள். சைட்டை மாட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து கிளாம்ப் முழு நீளத்துக்கும் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிளாம்ப்பையும் ரெயிலையும் சேர்த்து மார்க்கரால் மெல்லிய கோடு ஒன்று இழுங்கள். ஒரு பயிற்சி முடிந்ததும் கோடு விலகியிருந்தால் அந்தச் சாமானைத் திருப்பி அனுப்புங்கள். ராவிவிட்டால் கடைக்காரர் வாங்கமாட்டார், அதனால் ராவுவதற்கு முன்பே, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் கோடு போட்டுப் பார்த்துவிடுங்கள்.