மன்னார் வளைகுடா: எங்கே தடை, எங்கே அனுமதி?

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை கடல் முழுக்கத் தேசியப் பூங்கா, வலை போட்டாலே கேஸ் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி இல்லை. அங்கே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு எல்லைகள் இருக்கின்றன.

பெரியது உயிர்க்கோளக் காப்பகம். 1989இல் அறிவித்தார்கள், 10,500 சதுர கிலோமீட்டர். இதற்குள் இருக்கிறது என்பதற்காக மட்டும் மீன்பிடி நின்றுவிடாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுத் தடை போன்ற வழக்கமான விதிகள்தான் பொருந்தும்.

சிறியதுதான் தேசியப் பூங்கா. 1986இல் வந்தது, 560 சதுர கிலோமீட்டர். 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலும் இதில் அடக்கம். (இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கடியில். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியதும் ஒரு காரணம்.) பூங்காவின் எல்லையை ஆழத்தை வைத்துச் சொல்கிறார்கள்: கரைப்பக்கம் மூன்றரைப் பாகம், வெளிக்கடல் பக்கம் ஐந்து பாகம். பாகம் என்றால் சுமார் ஆறு அடி. காகிதத்தில் சரி, அலையில் ஆடும் வள்ளத்திலிருந்து பார்த்தால் இந்தக் கோடு எங்கே தெரியப்போகிறது?

பூங்காவுக்குள் வனத்துறை அனுமதியின்றித் தீவில் இறங்கக்கூடாது. எதையும் எடுக்கவும் கூடாது. கடல் அட்டைக்கும் பவளத்துக்கும் பூங்காவுக்கு உள்ளே, வெளியே என்ற பேதமே கிடையாது. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பதால் எங்கே எடுத்தாலும் குற்றம். நினைவுக்காகப் பையில் போடும் பவளத் துண்டும் அதில் சேரும். சுற்றிப் பார்க்க ஆசையா? பாம்பன் குந்துக்கால் துறையிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. தெரிந்தவர் படகில் போய் இறங்குவது வேறு விஷயம், அதற்கு வழக்கு உண்டு.

சிக்கல், கடற்பாசி எடுக்கும் பெண்களுக்குத்தான். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசி வகைகளைப் பறிப்பவர்கள். பூங்கா வருவதற்கு முன்பிருந்தே தீவோரம்தான் அவர்கள் பிழைப்பு. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் ஊர்ப் பெண்கள் இரும்புக் கருவியை விட்டார்கள், மாதம் 12 நாள் போதும் என்று தாங்களே வரையறை வைத்துக்கொண்டார்கள். அப்புறமும் சட்டத்தின் பார்வையில் அது அத்துமீறல்தான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

இவர்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் ‘வன நிலம்’ என்பதில் தேசியப் பூங்காவும் அடங்கும். பாரம்பரிய உரிமை கோரும் மனு முதலில் போக வேண்டிய இடம் கிராம சபை.