வால்ட் டிஸ்னியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

போன வாரம் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் பாதுகாப்புச் சோதனைக்குப் போயிருந்தேன். ராட்டினத்தின் அடிப்பீடத்துக்குக் கான்கிரீட் வார்த்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. நான்கு நட்டுகளில் ஒன்று விரலால் தொட்டதுமே சுழன்றது. உரிமையாளர் அசரவில்லை. "டிஸ்னிலேண்டே அரைகுறையாகத்தான் திறந்தது சார். ஓடவில்லையா?" அழைப்பிதழ் அடித்தாகிவிட்டதாம். இதே கதையைச் சொல்லி என்னிடம் கையெழுத்துக் கேட்டவர்களில் இந்த ஆண்டு இவர் மூன்றாவது ஆள்.

சரி, கதையை முழுதாகவே பார்ப்போம். 1955 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை, கலிபோர்னியாவின் அனாஹைம். ஆரஞ்சுத் தோப்புகள் இருந்த 160 ஏக்கரில் ஏறக்குறைய ஒரே ஆண்டில் எழுந்த பூங்கா. அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமான நாளில் போலி டிக்கெட்டோடும், வேலியில் சாத்திய ஏணி வழியாகவும் ஆட்கள் புகுந்து, கூட்டம் சுமார் 28,000 ஆனது. வெயிலில் புதுத் தார் இளகிப் பெண்களின் குதிகால் செருப்புகளைப் பிடித்துக்கொண்டது. மார்க் ட்வைன் என்ற சவாரிப் படகில் அளவுக்கு மீறி ஏறியதால் தளத்தில் தண்ணீர் புகுந்தது. எரிவாயுக் கசிவால் ஃபேன்டசிலேண்ட் என்ற பகுதியை மூடினார்கள். அங்கே வேலை பார்த்தவர்களே அந்த நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்றார்கள். உயிர்ச்சேதம் இல்லாமல் போனது அதிர்ஷ்டம். என் சோதனைப் படிவத்தில் அதிர்ஷ்டத்துக்குக் கட்டம் கிடையாது.

எனக்கு அதைவிட எரிச்சல் தருவது, 'வால்ட் டிஸ்னி கனவு கண்டார், பூங்கா எழுந்துவிட்டது' என்ற பேச்சு. லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பூங்காவில் மகள்கள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, தான் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தபோது பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்க ஓர் இடம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது உண்மைதான். அந்த பெஞ்சு எல்லோருக்கும் தெரிகிறது. 1953-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரிசன் பிரைஸிடம் இடம் தேடும் வேலையைக் கொடுத்ததும், அவர் மக்கள்தொகை எந்தப் பக்கம் பெருகுகிறது, நெடுஞ்சாலை எங்கே வரப்போகிறது என்றெல்லாம் கணக்கிட்டு அனாஹைமைக் காட்டியதும் தெரிவதில்லை. டிஸ்னி தன் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கினார். ஏபிசி தொலைக்காட்சிக்கு வாராந்தர நிகழ்ச்சி தர ஒப்புக்கொண்டு 5 லட்சம் டாலர் முதலீடும் 45 லட்சம் டாலர் கடனுக்கு உத்தரவாதமும் பெற்றார். மொத்தச் செலவு 1.7 கோடி டாலர். இது கண்மூடிக் கண்ட கனவா?

டிஸ்னிலேண்டில் பிள்ளைகளும் ஓட்டும் ஆட்டோபியா சின்னக் கார்களைப் பாருங்கள். முதலில் அவற்றுக்குச் சுற்று பம்பர் இல்லை. ஓட்டியவர்கள் மோதி மோதியே கார்களை நொறுக்கினார்கள். பிறகு பம்பர் வந்தது. பின்னாளில் பாதை நடுவே வழிகாட்டித் தண்டவாளமும் வந்தது. கற்றுக்கொள்வதானால் இந்தத் திருத்தும் புத்தியைக் கற்றுக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் இடுப்புக் கம்பியை ராட்டினத்தை இயக்குபவர் கையால் அழுத்திப் பார்க்காமல் விசையைத் தொட்டால், உடனே இறக்கிவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும். உயர அளவுக்கோலில் பிள்ளையைக் குதிகால் தூக்கி நிற்கச் சொல்லும் அப்பாக்களே, தயவுசெய்து வேண்டாம்.

அந்த உரிமையாளருக்கு: கான்கிரீட் இறுகி வலுப்பெற 28 நாள் முடியட்டும். நட்டுகளை முறுக்கிவிட்டுக் கூப்பிடுங்கள், அன்றே வருகிறேன்.