இடுகாடு: ஒரு சொல் கடந்த தூரம்

புதைக்கும் இடம் இடுகாடு, எரிக்கும் இடம் சுடுகாடு. தஞ்சை, நாகைப் பக்கத்தில் எதுவானாலும் மயானம் என்றே பலரும் சொல்கிறோம். ஆனால் 'இடு' என்பதற்குப் புதைத்தல் என்ற பொருள் முதலிலிருந்தே இருந்ததா?

விடை காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரில் இருக்கிறது. அந்த நகரத்து ஈமப்புறத்தை மணிமேகலை இப்படி விவரிக்கிறது: 'சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்.' எரிப்பவர்களும், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பவர்களும், தாழி என்ற பெரிய மண்பாண்டத்தால் கவிப்பவர்களும் இருக்க, குழி தோண்டிப் புதைப்பவர்களும் இதில் தனியாக வருகிறார்கள். அப்படியானால் 'இடுவோர்' யார்? உடலை வெறுமனே போட்டுவிட்டுப் போகிறவர்கள். இடுதல் என்றால் போடுதல், வைத்தல், அவ்வளவுதான். அப்படி விட்டுச்செல்லும் வழக்கம் மறைந்த பிறகு, அந்தச் சொல் புதைகுழிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டே வரியில் ஐந்து வழக்கங்களைப் பதிந்துவைத்த அந்தப் புலவருக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். தாழியும் கற்பனை இல்லை. சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது, அவனுக்கேற்ற பெரிய தாழியை உன்னால் வனைய முடியுமா என்று குயவனைக் கேட்கும் பாட்டு புறநானூற்றில் உண்டு.

இலக்கணப்படி இடுகாடு வினைத்தொகை. இட்ட காடு, இடுகின்ற காடு, இடும் காடு என மூன்று காலமும் உள்ளே அடங்கும். பாட்டனை இட்ட இடமும் பேரனை இடப்போகும் இடமும் அதுவே. பள்ளியில் ஊறுகாயை வைத்துப் படித்த விதி இங்கேதான் முழு ஆழத்தோடு புரிகிறது. சரி, வயலும் வாய்க்காலுமான நஞ்சை நாட்டில் காடு எங்கே வந்தது? இது மரம் அடர்ந்த காடு அல்ல, ஊருக்குப் புறத்தே ஒதுங்கிய நிலம். முதுகாடு, புறங்காடு என்ற பழைய பெயர்களிலும் இதே காடுதான்.

மயானம் வடமொழி 'ஸ்மசான'த்திலிருந்து வந்தது. தமிழ்ச்சொல் மெய்யெழுத்தில் தொடங்காது, அதனால் ஸ்தலம் தலமானதுபோல் முன்னால் நின்ற 'ஸ்' உதிர்ந்தது. ஆகாசம் ஆகாயமானதுபோல் நடுவிலுள்ள சகரம் யகரமானது. ஏழாம் நூற்றாண்டிலேயே இந்த வடிவம் நிலைத்துவிட்டது. திருக்கடையூர் அருகே உள்ள கடவூர் மயானத்தைச் சம்பந்தரும் அப்பரும் பாடியிருக்கிறார்கள், பின்னர் சுந்தரரும் பாடினார். திருச்சேறைக்குப் பக்கத்தில் நாலூர் மயானம் இருக்கிறது. இரண்டுமே சிவன் கோயில்கள். சிவன் ஆடும் இடம் என்பதால் அந்தச் சொல்லைக் கோயிலின் பெயராக்க இந்த ஊர்க்காரர்கள் தயங்கவில்லை.