தாத்தா ஊர்த் தொகுதி: நினைவு மலர் போடுகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்பூட் வட்டாரத்தில் கும்பாபிஷேக மலர், தமிழ்ப்பள்ளி மலர், தோட்டத்து ஒன்றுகூடல் மலர் எதை எடுத்தாலும் இப்போது 'எங்கள் வேர்கள்' என்று ஒரு பக்கம் வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில் 'எங்கள் பூர்வீகத் தொகுதி, 1952 முதல்' என்று, தாத்தா ஊர்ச் சட்டமன்றத் தொகுதியில் வென்றவர்களின் அட்டவணை ஒன்றை ஒட்டுகிறார்களே, அங்கேதான் வினை. பெரும்பாலும் அது வாட்ஸ்அப்பில் சுற்றிய படம். யார் தொகுத்தது, எதைப் பார்த்து எழுதியது என்று ஒரு வரி இருக்காது. கடைசியாக அச்சுக்கு வந்தது தமிழ்நாட்டின் குளித்தலைத் தொகுதி அட்டவணை. ஒரே பக்கத்தில் எண்ணி ஆறு பிழை. மலர்க்குழுவோ, "யார் பார்க்கப் போகிறார்கள், போடுங்கள்" என்கிறது. பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள் ஐயா. அவர்களுக்குத்தானே மலர்?

எல்லாப் பிழைக்கும் தாய்ப்பிழை ஒன்று உண்டு. தொகுதியின் பெயர் மாறவில்லை, அதனால் தொகுதியும் மாறவில்லை என்று நினைப்பது. தொகுதி என்பது ஊர் அல்ல. ஒரு குறிப்பிட்ட எல்லை வரையறை ஆணையில், இன்னின்ன தாலுகா, அதற்குள் இன்னின்ன பிர்கா, இன்னின்ன கிராமம் என்று போட்ட எல்லைக்கோடு. ஆணை மாறினால் கோடு மாறும், பெயர்ப்பலகை மட்டும் அப்படியே தொங்கும். சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு 1952ல் 375 இடங்கள். ஆந்திரப் பகுதியும் மலபாரும் அப்போது உள்ளே இருந்தன. அவை போனபின் 1957ல் 205, 1962ல் 206, 1967ல் 234. இன்றும் 234தான். எண்ணிக்கை நின்றுவிட்டதால் கோடும் நின்றுவிட்டது என்று எண்ணாதீர்கள். 1977 தேர்தலுக்கு முன் ஒரு முறை வரைந்தார்கள். 2008 ஆணையில் வரைந்தது 2011 சட்டமன்றத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆணையில் தொட்டியமும் உப்பிலியபுரமும் மருங்காபுரியும் பட்டியலிலிருந்தே காணாமல் போயின. அங்கிருந்து வந்த குடும்பங்கள் 'எங்கள் தொகுதி' என்று இன்றைய வரைபடத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இது நமக்குப் புரியாத விஷயமா? நம் மலேசிய இந்தியத் தலைவர் துன் சம்பந்தன் 1955ல் மலாயாக் கூட்டரசு சட்டமன்றத்துக்குப் போனது கிந்தா உத்தாரா தொகுதியிலிருந்து. சுங்கை சிப்பூட் என்ற பெயரில் அவர் நின்றது 1959 முதல். 'சுங்கை சிப்பூட் 1955' என்று எவராவது எழுதினால் இங்கே காப்பிக்கடையிலேயே திருத்திவிடுவார்கள். அதே கண்ணைக் குளித்தலை மீதும் வையுங்கள்.

குளித்தலையில் இன்னொரு வம்பும் இருக்கிறது. காவிரிக்குத் தென்கரையில் குளித்தலை, எதிர்க்கரையில் முசிறி. ரயில் நிலையம் குளித்தலையில். ஆகவே முசிறிப் பக்கத்துக்காரர்களும் 'குளித்தலைப் பக்கம்' என்று சொல்லிவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். முசிறி வேறு தாலுகா, வேறு தொகுதி, இன்றைக்கு வேறு மாவட்டமும்கூட. தாத்தா ரயிலேறிய இடம் தாத்தா ஊர் ஆகிவிடாது. சூராட் பெரனாக்கில், அதாவது பிறப்புச் சான்றிதழில், இருப்பது பெரும்பாலும் தோட்டத்துப் பெயர்தான். பழைய பாஸ்போர்ட், ஊரிலிருந்து வந்த கடித உறை, நிலப் பத்திரம், குலதெய்வக் கோயில் ரசீது என்று துழாவி முதலில் கிராமத்தைப் பிடியுங்கள். கிராமத்திலிருந்து தாலுகா. தாலுகாவிலிருந்து, அந்தந்தக் காலத்து எல்லை ஆணையைப் பார்த்துத் தொகுதி. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் கதை கந்தல்.

மாவட்டத்தையும் பின்னோக்கித் திணிக்காதீர்கள். கரூர் மாவட்டம் பிறந்தது 1995ல். அதற்கு முந்தைய எல்லா வரிகளுக்கும் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்றே போட வேண்டும். 'தமிழ்நாடு' என்ற பெயர் 1969 ஜனவரியில் வந்தது; 1967 தேர்தல் சென்னை மாநிலத்துக்கு நடந்தது. இன்றைய குளித்தலை கரூர் மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் நாடாளுமன்றத்துக்கு வாக்களிப்பது பெரம்பலூர்த் தொகுதியில். கரூர் எம்.பி. படத்தை அந்தப் பக்கத்தில் போட்டால் தவறு.

அடுத்தது கட்சிப் பத்தி. 1957ல் குளித்தலையில் கலைஞர் கருணாநிதி வென்றார், அவருடைய முதல் சட்டமன்ற வெற்றி அது. 'திமுக' என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். தேர்தல் ஆணையத்தின் அறிக்கையில் அவர் சுயேச்சை. கட்சிக்கு அங்கீகாரம் கிடைத்தது 1958ல். 'சுயேச்சை' என்று போட்டு, அடிக்குறிப்பில் 'திமுக சார்பாளர்' என்று எழுதுங்கள், இரண்டும் உண்மை. சுங்கை சிப்பூட்டில் 2008ல் சாமிவேலுவைத் தோற்கடித்த டாக்டர் ஜெயக்குமார் மலேசிய சோசலிசக் கட்சிக்காரர், நின்றதோ கெஅடிலான் என்ற வேறொரு கட்சியின் சின்னத்தில். அதை நாம் சரியாகச் சொல்கிறோம் அல்லவா? 1989 வரிக்கு அதிமுகவின் இரட்டை இலைப் படம் வைப்பது இன்னொரு வாடிக்கை. அந்தத் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா.

1952, 1957 அட்டவணைகளில் சில தொகுதிகளுக்கு இரண்டு பெயர் இருக்கும். உடனே ஒன்று இடைத்தேர்தல் என்று ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் இரண்டாவது பெயரைத் தூக்கியே விடுகிறார். அவை இரட்டை உறுப்பினர் தொகுதிகள். ஓரிடம் தனி, பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோருக்கு. வாக்காளருக்கு இரண்டு ஓட்டு, இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. 1957ல் மட்டும் 38 தொகுதிகள் இப்படி. 1962ல் ஒன்றும் இல்லை. இந்த வரிகளில் வாக்குகளைக் கூட்டி வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்தால் வாக்குப்பதிவு நூறு விழுக்காட்டைத் தாண்டிக்கூடக் குதிக்கலாம். அப்படி ஓர் எண் மலரில் அச்சாகியும் இருக்கிறது. நீங்கள் தூக்கிவிடும் இரண்டாவது பெயர் பல நேரம் அந்தத் தனி இடத்தில் வென்றவருடையது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இடைத்தேர்தலுக்குத் தனி வரி போடுங்கள். பொதுத்தேர்தல் அறிக்கையில் அது இருக்காது, தனியாகத் தேட வேண்டும். குளித்தலைக்குப் பக்கத்திலேயே அரவக்குறிச்சி: 2016 மே மாதம் பணப் பட்டுவாடா புகாரால் தேர்தல் நிறுத்தப்பட்டு நவம்பரில் நடந்தது, செந்தில்பாலாஜி அதிமுகவில் வென்றார். 2017ல் தகுதிநீக்கம். 2019 மே இடைத்தேர்தலில் அதே ஆள் திமுகவில் வென்றார். 'அரவக்குறிச்சி 2016, செந்தில்பாலாஜி' என்று ஒற்றை வரியில் அடக்கினால் பாதிக் கதை போயிற்று.

எண்களை எடுக்க இந்தியத் தேர்தல் ஆணைய இணையத்தளத்தில் ஒவ்வொரு தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை இருக்கிறது, இலவசம். வாக்காளர், பதிவானவை, செல்லுபடியானவை என்று மூன்று எண் வரும். ஒன்றை மற்றொன்றின் பத்தியில் போடாதீர்கள். வாக்கு வித்தியாசம் என்பது முதலிடம் பெற்றவருக்கும் இரண்டாமிடம் பெற்றவருக்கும் இடையே உள்ளது, வென்றவரின் மொத்த வாக்கு அல்ல. (ஆம், இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.) தொகுதியின் வரிசை எண்ணை வைத்துத் தேடாதீர்கள், ஆணைக்கு ஆணை அது மாறும். குளித்தலைக்கு 137 என்பது 2008 ஆணையின் எண்.

கடைசியாக, மலர்க்குழுவுக்கு ஊர்ப்பெயரை ரோமன் எழுத்தில் அனுப்பாதீர்கள். ஆலங்குடியும் ஆலங்குளமும் வேறு வேறு மாவட்டத்துத் தொகுதிகள், அவசரத்தில் ஒன்றாகத் தெரியும். திருப்பத்தூர் அதைவிட மோசம்: சிவகங்கை மாவட்டத்தில் ஒன்று, பழைய வட ஆர்க்காட்டில் ஒன்று, இரண்டும் சட்டமன்றத் தொகுதிகள். வாட்ஸ்அப் படங்களில் இரண்டின் வெற்றியாளர்களும் ஒரே அட்டவணையில் கலந்து கிடக்கிறார்கள். திருப்பத்தூர் என்றால் எந்தத் திருப்பத்தூர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பக்கத்தில் இருக்கும் பெரிய ஊர் ஒன்றின் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.