மாங்கூழ் காய்ச்ச ஸ்டீமா, கரண்டா?

கூழ் அடிப்பிடித்துவிட்டது என்று இந்த சீசனில் என்னைக் கூப்பிட்டது இது மூன்றாவது. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சின்ன மாங்கூழ் யூனிட். பாய்லர் என்றாலே பயம், அதனால் கூழ் காய்ச்சும் கெட்டிலின் அடியில் நேராக மின் காயில் (கரண்டில் சூடாகும் கம்பிச்சுருள்) பொருத்தியிருக்கிறார்கள். நான் போனபோது பெங்களூரா ரக மாங்கூழ் அடியில் கருகி அப்பிக் கிடந்தது. "தெர்மோஸ்டாட்டை 90-ல்தான் சார் வைத்தோம்" என்றார் உரிமையாளர்.

சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. தெர்மோஸ்டாட்டுக்குத் தன் முனை இருக்கும் இடத்துச் சூடு மட்டும்தான் தெரியும். நடுவில் 90 காட்டும்போது அடித்தகடு எங்கோ ஏறிப்போயிருக்கும். 10 கிலோவாட் காயில், கூழ் தண்ணியா கெட்டியா என்று பார்க்காது. எரிகிறவரை 10 கிலோவாட்டையும் தள்ளிக்கொண்டே இருக்கும். கூழ் கொஞ்சம் ஒட்டினால் சூடு மேலே போக வழியில்லை. தகடு இன்னும் காயும், கூழ் இன்னும் ஒட்டும்.

ஸ்டீம் அப்படியில்லை. கெட்டிலைச் சுற்றி ஸ்டீம் நிற்கும் வெளியுறைதான் ஜாக்கெட். அதில் 3 பார் அழுத்தம் இருந்தால் ஸ்டீமின் சூடு ஏறக்குறைய 143 டிகிரி. 1 பாருக்குக் குறைத்தால் 120. அழுத்தத்தை நீங்கள் கூட்டாதவரை தகடு அதற்குமேல் போகாது. கூழ் வாங்குகிற அளவுக்குத்தான் ஸ்டீமும் நீராகிச் சூட்டைக் கொடுக்கும்.

"கரண்டில் வீணே இல்லையே" என்பார்கள். 100 கிலோ கூழை 30-லிருந்து 90 டிகிரிக்குக் கொண்டுவர ஆறேழு யூனிட் கரண்ட் போதும், சரிதான். கீழே கொட்டிய பேட்சை யார் கணக்கில் சேர்ப்பது?

கரண்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. தினம் ஒன்றிரண்டு பேட்ச்தான் என்றால் சின்ன மின் பாய்லர் வாங்கி, அதன் ஸ்டீமை ஜாக்கெட்டுக்குக் கொடுங்கள். நாள் முழுக்க ஓடும் யூனிட்டுக்கு விறகு, உமி பாய்லர்தான் கட்டுப்படியாகும். எதுவானாலும் பாய்லர் சட்டத்துக்குள் வருமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்; 1923-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025-இல் புதுச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் பாய்லர் அதற்குள் வந்தால் பதிவும் ஆய்வும் சான்றிதழ் பெற்ற ஆபரேட்டரும் கட்டாயம். சேஃப்டி வால்வு சீறுகிறது என்று அதை இறுக்கிக் கட்டாதீர்கள். ஜாக்கெட்டில் காற்று அடைத்திருந்தால் சூடு ஏறாது, முதலில் அதை வெளியேற்றுங்கள். பாய்லர் ஸ்டீமை நேராகக் கூழுக்குள் விடவே விடாதீர்கள். பாய்லர் தண்ணீரில் போட்ட மருந்தும் சேர்ந்து போகும்.

ஏற்கெனவே காயில் போட்டுவிட்டவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கிளறும் மோட்டார் நின்றால் காயிலுக்குப் போகும் கரண்டும் தானாக நிற்கும்படி ஒயரிங்கை மாற்றிவிடுங்கள். அடுத்த லோடு மாம்பழம் இறங்கும் முன் செய்யுங்கள்.